'பரீட்சை முடியட்டும்' என்று காத்திருக்கலாமா? பிள்ளைகளின் மனநலம் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மூத்த மகன் உயர்நிலை மூன்றில் படித்தபோது மனச்சோர்வில் விழுந்தான். அதிலிருந்து அவன் மீண்டு வர ஒன்றரை ஆண்டு ஆனது. அப்போது நான் தெரிந்துகொண்டதை, அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். கோயில் அன்னதான வரிசையில் கேட்பார்கள், புளோக் கீழே கேட்பார்கள், டியூஷன் முடியக் காத்திருக்கும் பெஞ்சில் கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, ஒரு தாய். நோய், மருந்து பற்றி இங்கே இருப்பதெல்லாம் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்பவை. உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை அவனை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

அவசரம். முதலில் யாரைக் கூப்பிடுவது?

உயிருக்கு ஆபத்து என்றால் 995. தற்கொலை எண்ணம், தாங்க முடியாத மனவேதனை என்றால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், 1767, இருபத்து நான்கு மணி நேரமும். வாய்விட்டுப் பேச வராது, எழுதத்தான் வரும் என்கிற பிள்ளைக்கு அவர்களின் வாட்ஸ்அப் எண் 9151 1767. மனநலக் கழக (ஐஎம்எச்) மருத்துவமனையின் 24 மணி நேர எண் 6389 2222. தேசிய மனநல உதவி எண் 1771, இது 2025 ஜூன் மாதம் தொடங்கியது. அவசரமே இல்லாத சந்தேகத்துக்கும் அழைக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் 'டிங்கிள் ஃபிரெண்ட்' இருக்கிறது, 1800 2744 788. அது வேலை நாள்களில் மட்டும்.

இவற்றை இப்போதே உங்கள் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள். பிள்ளையின் கைப்பேசியிலும்.

எப்போது பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இது வயசுக் கோளாறா, நோயா?

பதினான்கு வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும், எதைச் சொன்னாலும் 'ம்ச்' என்பதும், குளிக்கப் போ என்றால் எரிந்து விழுவதும் அந்த வயதுக்கு உரியவைதான். அவற்றை நோய் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது மாற்றத்தை. நேற்றுவரை உயிரையே விட்ட கால்பந்தை ஏன் விட்டான்? நண்பர்கள் கூப்பிட்டால் ஏன் போவதில்லை? விடியும்வரை விழித்திருக்கிறானா, அல்லது பகலெல்லாம் தூங்குகிறானா? சாப்பாடு குறைந்ததா, அளவு மீறியதா? இப்படிப்பட்ட மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் நீடித்து, பள்ளி, தூக்கம், நட்பு இவற்றைக் கெடுக்கிறதென்றால் யாரிடமாவது காட்ட வேண்டிய நேரம் அது. இன்னொன்று, இளையர்களின் மனச்சோர்வு அழுகையாக வரவேண்டும் என்றில்லை. எரிச்சலாகவும் வரும். அதைத்தான் நாம் 'திமிர்' என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் அது வயிற்றுவலியாக வந்தது. முதலில் திங்கட்கிழமை காலை மட்டும். கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், செவ்வாய் சரியாகிவிட்டது. அப்புறம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வலித்தது. காலை ஆறேகாலுக்கு வாசலில் செருப்பு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டுவான், அவிழ்ப்பான், திரும்பக் கட்டுவான். நேரமாகிறது என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். ஒருநாள் அவன் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் ஆறு காயா ரொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் டிஷ்யூ தாளில் சுற்றி, பூஞ்சை பிடித்து. ஒரு வாரத்துக்கும் மேலாக அவன் ஓய்வுவேளையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா சாப்பாட்டை வீணாக்கினே?" என்பது. இன்று நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை? நாங்கள் படாத கஷ்டமா?

மனநலக் கழகம் 2022 அக்டோபரிலிருந்து 2023 ஜூன் வரை, 15 முதல் 35 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,600 பேரிடம் ஒரு தேசிய ஆய்வு நடத்தியது. அவர்களில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, மனப்பதற்றம், மன உளைச்சல் இவற்றில் ஏதாவது ஒன்றின் அறிகுறிகள் கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். உங்கள் பிள்ளையின் வகுப்பை மனத்தில் நிறுத்தி எண்ணிப் பாருங்கள்.

கஷ்டத்தை ஒப்பிட்டுப் பேசி யாருக்கும் நோய் தீர்ந்ததில்லை. என் அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கினார், அது உண்மை. அதைச் சொன்னதால் என் மகனுக்குத் தூக்கம் வரவில்லை. 'இதைக்கூடத் தாங்க முடியாதவன் நான்' என்ற எண்ணம் கூடுதலாகச் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஆண்டிறுதித் தேர்வு நெருங்குகிறது. அது முடிந்ததும் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மே மாதம் ஒரு ராத்திரி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, என் மகன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, எனக்கு மண்டைக்குள்ள எதுவும் ஏற மாட்டேங்குது" என்றான். "பரீட்சை முடியட்டும்டா, லீவுல பார்த்துக்கலாம்" என்றேன். அன்போடுதான் சொன்னேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அக்டோபரில் கணக்குத் தேர்வுக்குப் போய்ப் பெயரையும் வகுப்பு எண்ணையும் எழுதி, மீதியை வெறுமையாக விட்டு, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து கொடுத்துவிட்டு வந்தான். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவன் தனியாகக் கிடந்தான், நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

மனச்சோர்வு முதலில் பறிப்பதே கவனத்தையும் ஞாபகத்தையும் தூக்கத்தையும்தான். தேர்வுக்குத் தேவையானவையும் அவையேதான். ஆக, சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் தேர்வும் கையைவிட்டுப் போகிறது. மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால், நம் பிள்ளைகள் பலருக்கு இது பள்ளித் தேர்வுகளுக்கு நடுவில்தான் வரும். தேர்வு இல்லாத காலத்துக்கு நோய் காத்திருக்காது.

நம் பள்ளி அமைப்பே கொஞ்சம் இளகியிருக்கிறது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய மொத்த மதிப்பெண் போய் ஏஎல் (அடைவுநிலை) முறை வந்தது. 2023 முதல் தொடக்கப்பள்ளியிலும் உயர்நிலைப்பள்ளியிலும் எந்த நிலையிலும் அரையாண்டுத் தேர்வு கிடையாது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிடமிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. அரசாங்கம் இறக்கி வைத்த சுமையை நாம் டியூஷன் நேரமாக மாற்றி மறுபடி அதே தோளில் ஏற்றுகிறோம் என்பது என் எண்ணம்.

தேசியத் தேர்வு நேரத்திலேயே பிள்ளை நோயில் இருந்தால், மருத்துவரின் கடிதத்தோடு பள்ளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். தேர்வு எழுத ஏற்பாடுகளும், சிறப்புக் கவனத்துக்கு விண்ணப்பிக்க வழியும் உண்டு. ஓராண்டு தள்ளிப்போனாலும் ஒன்றும் குடிமுழுகாது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கிப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போன பிள்ளைகள் நம் உறவிலேயே இருப்பார்கள்.

என்ன கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்கிறாள். எப்படிப் பேச வைப்பது?

முகத்துக்கு முகம் உட்கார வைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் காவல் நிலைய விசாரணைபோல் இருக்கும். நடந்துகொண்டே பேசுங்கள். ஃபேர்பிரைஸுக்குப் போகும்போது, பேருந்தின் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, துணி மடிக்கும்போது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் வார்த்தை கொஞ்சம் எளிதாக வரும். என் மகன் முதன்முதலாக மனம் திறந்தது உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்குப் போகும் ரயிலில், காதில் ஒருபக்க ஒலிச்செருகியோடு, ஜன்னலைப் பார்த்தபடி.

கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். "நீ ஏன் இப்படி இருக்கே?" என்பது குற்றச்சாட்டு. "ரெண்டு வாரமா நீ ராத்திரி தூங்கலை, எனக்குத் தெரியுது. என்னன்னு எனக்குப் புரியலை, ஆனா கேட்க நான் இருக்கேன்" என்பது வேறு. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், நாளை மறுபடி வாருங்கள்.

பதில் வந்தால் அதைவிடக் கஷ்டமான வேலை தொடங்குகிறது. திருத்தாதீர்கள். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது", "உனக்கு என்ன குறை வச்சோம்?", "பாஸிட்டிவா யோசி", இந்த மூன்றையும் சொல்ல நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்ளுங்கள். "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தீர்வு சொல்ல நாளைக்கு நேரம் இருக்கிறது.

அப்புறம் மொழி. நம் வீடுகளில் இது பெரிய விஷயம், யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு மனத்தில் உள்ளதைச் சொல்ல ஆங்கிலம்தான் வருகிறது. நமக்கு அது வீட்டுக்குள் அந்நியமாக இருக்கிறது, சில நேரம் எதிர்த்துப் பேசுவதுபோல்கூடக் கேட்கிறது. "ஐ ஃபீல் எம்ப்டி" என்று என் மகன் சொன்னபோது, வயிறு காலி என்கிறான் என்றுதான் என் மாமியார் நினைத்தார், எழுந்து போய்த் தோசை ஊற்றினார். அவன் அழவில்லை, அந்தத் தோசையைச் சாப்பிட்டான். பிள்ளை எந்த மொழியில் சொல்கிறதோ அந்த மொழியில் சொல்லட்டும். புரியாத சொல்லை "அப்படீன்னா எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நம் பக்கத்துச் சொற்களையும் கொடுங்கள்: மனசு பாரமாக இருக்கிறதா, படபடப்பாக இருக்கிறதா, எதிலும் பிடிப்பில்லையா, வெறுமையாக இருக்கிறதா? எதற்காவது தலையாட்டுவார்கள்.

தற்கொலை பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மறைத்து வைத்திருந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் ஆபத்து தரக்கூடியவற்றை, தாத்தாவின் மாத்திரை டப்பா உட்பட, எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். எப்படிச் செய்வது, எப்போது என்று பிள்ளை யோசித்து வைத்திருந்தால் அன்றிரவே 995 அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அந்த அளவுக்குத் திட்டம் இல்லையென்றால் 1767ஐ அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள். பெற்றோரும் அந்த எண்ணை அழைக்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து மறைத்த குடும்பங்கள் முன்பு இருந்தன. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. உதவியைக் கூப்பிடுங்கள்.

கையில் கீறல்களைப் பார்த்தேன். என்ன செய்வது?

கைச்சட்டையை இழுத்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, அறையைச் சோதனை போட வேண்டாம். காயத்துக்கு மருந்து போடுங்கள், பேசாமல். பல பிள்ளைகள் சாவதற்காக அல்ல, உள்ளே இருக்கும் வலியைக் கொஞ்ச நேரம் நிறுத்துவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்காக இது லேசான விஷயமும் இல்லை. 'பெரியவர்கள் கவனிக்க வேண்டும் என்று செய்கிறாள்' என்று ஒருவர் சொன்னால், சரி, கவனியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த வாரமே ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். ஆழமான காயம் என்றால் அன்றே.

எங்கே போவது? நேராக மனநலக் கழகத்துக்கா?

புவாங்கோக்கில் இருக்கும் அந்த ஒரே கதவைத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். 'உட்பிரிட்ஜ்' என்ற பழைய பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை நாம். அதனால்தான் யாரும் கிளம்புவதில்லை. உண்மையில் கதவுகள் பல, பெரும்பாலானவை அதற்கு முன்பே இருக்கின்றன.

பள்ளியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் ஒருவராவது இருக்கிறார், கட்டணம் இல்லை. நிலைமை அதற்கு மேல் போனால், பள்ளி வழியாகவே 'ரீச்' என்ற குழுவின் உதவியும் கிடைக்கும். மருத்துவர், உளவியலாளர், சமூக ஊழியர் எல்லாரும் அதில் இருப்பார்கள். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு 'சாட்' என்ற சேவை உண்டு. 2009இல் தொடங்கியது, ஆர்ச்சர்டில் ஸ்கேப் கட்டடத்தில். மருத்துவமனை வாடையே இல்லாத இடம். மனநிலையை இலவசமாக மதிப்பிட்டு, அடுத்து எங்கே போகலாம் என்று சொல்கிறார்கள். ரகசியம் காக்கிறார்கள்.

வீட்டில் சண்டை, பணநெருக்கடி, மணமுறிவு எல்லாம் சேர்ந்திருந்தால் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் குடும்பத்தை முழுதாகப் பார்க்கிற இடம் அது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கு பீட்டி ரோட்டில் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. எந்த இடத்துக்கு அழைத்தாலும் "தமிழில் பேசுபவர் கிடைப்பாரா?" என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மருத்துவர்தான் தேவை என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனைகளில் சலுகைக் கட்டணம். சிறுவர், பதின்ம வயதினருக்கு மனநலக் கழகத்திலேயே தனி மருந்தகம் இருக்கிறது. பெரியவர்களோடு உட்கார வைக்கமாட்டார்கள். காத்திருக்க வேண்டிவரும், அதையும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் நாள்களில் பள்ளி ஆலோசகரை விட்டுவிடாதீர்கள்.

செலவு?

பள்ளி ஆலோசகர், சாட், உதவி எண்கள் எல்லாம் இலவசம். மனச்சோர்வு, மனப்பதற்றக் கோளாறு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவை நாள்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால் பெற்றோரின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து வெளிநோயாளிக் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கட்டலாம். கட்ட முடியாத நிலை என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தனியார் ஆலோசகர்களிடம் ஒரு மணி நேரத்துக்கே நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும். கடன் வாங்கி அங்கே போக வேண்டியதில்லை.

'ரெக்கார்டு' ஆகிவிடுமா? வேலை, தேசிய சேவை, பெண்பிள்ளை என்றால் கல்யாணம்?

பள்ளிச் சான்றிதழில் ஆலோசகரைப் பார்த்தது பற்றி எதுவும் வராது. வேலைக்கு எடுக்கும்போது, வேலைக்குத் தொடர்பில்லாமல் மனநோய் இருக்கிறதா என்று முதலாளிகள் கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநிலையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கக் கொண்டுவரப்பட்டது.

தேசிய சேவை பற்றி நேராகச் சொல்கிறேன்: மருத்துவப் பரிசோதனையில் மறைக்காதீர்கள். மருத்துவரின் கடிதத்தைக் கொண்டு போங்கள். மருந்து சாப்பிடுகிற பிள்ளை, தூக்கம் குறைந்து, துப்பாக்கியோடு காட்டில் நிற்கப்போகிறான். அவன் நிலை அங்கே தெரிந்திருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. காப்புறுதி எடுக்கும்போதும் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

கல்யாணம். பதினைந்து வயதுப் பிள்ளை அறைக்குள் அழுதுகொண்டிருக்கும்போது, இன்னும் முகமே தெரியாத ஒரு சம்பந்திக்குப் பயப்படுகிறோம். பெண்பிள்ளைகளைத்தான் இந்தப் பயத்தால் அதிகம் மறைத்து வைக்கிறார்கள், அவர்களுக்குத்தான் உதவி தாமதமாகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவானா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. லேசான நிலையில் பேச்சு சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகள் போதைப்பழக்கம் போன்றவை அல்ல. ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம், 'நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே' என்று விடக்கூடாது. தொடக்க வாரங்களில் சில இளையருக்குப் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம், அதனால் கூடவே இருந்து கவனித்து, மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். என் மகனின் மாத்திரையை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தினம் விளக்கேற்றும்போது மறக்காது.

கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா? கண்ணேறு, செய்வினை என்கிறார்கள்.

கூட்டிப்போங்கள். என் மாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேரனை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். வீட்டை விட்டு வெளியே வந்தான், வெளிச்சம் பட்டது, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான், திரும்பும்போது வடை சாப்பிட்டான். அந்த நாள்களில் அது பெரிய விஷயம். பள்ளிவாசல், தேவாலயம் போகும் குடும்பங்களுக்கும் இதேதான். ஆனால் 'பிள்ளை மேல் ஏதோ இருக்கிறது' என்று சொல்லிப் பெரிய பணம் கேட்பவர், அடிப்பவர், பட்டினி போடுபவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர், இவர்களிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

தாத்தா பாட்டியும் உறவினரும் தூண்டித் துருவிக் கேட்கிறார்கள். எவ்வளவு சொல்வது?

முதலில் பிள்ளையைக் கேளுங்கள். "யார்கிட்ட என்ன சொல்லலாம்?" என்று. அது அவனுடைய கதை. எங்கள் வீட்டில் பாட்டிக்கு முழுதும் தெரியும், மற்றவர்களுக்கு "உடம்பு சரியில்லை, டாக்டரிடம் காட்டுகிறோம்" என்பதோடு சரி. தீபாவளிக்கு ஓர் அத்தை எல்லார் முன்னாலும் "என்னடா, பைத்தியம் தெளிஞ்சிடுச்சா?" என்று சிரித்தபோது, என் கணவர் எழுந்து செருப்பை மாட்டினார், நாங்களும் கிளம்பினோம். அப்பா தன் பக்கம் நின்றதை அவன் இன்றும் சொல்கிறான்.

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

அதே தேசிய ஆய்வில், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருப்பதற்கும் கடுமையான அறிகுறிகளுக்கும் தொடர்பு காணப்பட்டது. இணையத் துன்புறுத்தல், தன் உடல்வாகு பற்றிய கவலை இவையும் சேர்ந்து வந்தன. கைப்பேசியில் விஷயம் இருக்கிறது என்பது மெய். ஆனால் ஒரே நாளில் பிடுங்கினால், அவனுக்கு மிச்சமிருந்த ஒரு நண்பனையும் சேர்த்துப் பிடுங்கியதாகலாம். எங்கள் வீட்டில் செய்தது, இரவு பத்தரைக்கு எல்லார் கைப்பேசியும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில். என்னுடையதும், அவன் அப்பாவுடையதும். முதல் வாரம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தம்பி, தங்கையை எப்படிக் கவனிப்பது?

என் சின்னவள் அந்த ஆண்டு முழுதும் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். ஒருநாள் அவள் ஆசிரியர் அழைத்தார்: 'நான் நன்றாக இருந்தால்தான் அம்மா அழமாட்டார்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாளாம். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். அது அவளால் வந்ததல்ல என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டும்.

நான் உடைந்துபோகிறேன். என்னை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வி எப்போதும் கடைசியில்தான் வரும், குரலைத் தாழ்த்தி. மனநோய் உள்ளவர்களைப் பராமரிப்பவர்களுக்காகவே 'கேர்கிவர்ஸ் அலையன்ஸ்' என்ற அமைப்பு சிங்கப்பூரில் இருக்கிறது. பல வாரப் பயிற்சி, இலவசம். நடத்துபவர்களிலேயே பலர் இதைக் கடந்து வந்த பராமரிப்பாளர்கள். அந்த அறையில் நான் ஒரு சீனத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் மகளுக்கும் என் மகன் வயதுதான். அதற்கு முன் நான் யார் முன்னாலும் அழுததில்லை.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஷிப்ட் வேலை முடித்து வந்து, பேசாமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் நெஞ்சுக்குள் இதே பாரம்தான். 1771ஐ அவரும் அழைக்கலாம். என் கணவர் அழைத்தார், கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, நாற்பது நிமிடம்.

பள்ளிக்குத் திரும்புவது எப்படி?

ஒரே நாளில் முழுநேரமாக வேண்டாம். ஆலோசகர், வகுப்பாசிரியர், நீங்கள், பிள்ளை நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள். என் மகன் முதல் வாரம் ஓய்வுவேளைவரை மட்டும் போனான். படபடப்பு வந்தால் அனுமதி கேட்காமல் ஆலோசகர் அறைக்குப் போகலாம் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். நான்கு தடவைதான் பயன்படுத்தினான், ஆனால் தினமும் சட்டைப்பையில் வைத்திருந்தான். விட்ட பாடங்களை எல்லாம் பிடிக்க வேண்டியதில்லை, எதை விடலாம் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். மூன்று நல்ல நாளுக்குப் பிறகு ஒரு கெட்ட நாள் வரும். மறுபடி செருப்பு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அந்த மாதிரி நாளில் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சில நாள் எழுந்து போவான், சில நாள் இருவரும் உள்ளே வந்துவிடுவோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை இரவு. நாளைக் காலை நான் என்ன செய்யட்டும்?

இன்றிரவே வகுப்பாசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள்: பிள்ளையிடம் என்ன மாற்றம் பார்த்தீர்கள், எத்தனை வாரமாக, பள்ளி ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். காரணமெல்லாம் விளக்க வேண்டாம். நாளை பள்ளி அலுவலகம் திறந்ததும் அழைத்து ஆலோசகரோடு நேரம் வாங்குங்கள். கிடைக்கும் தேதியைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இப்போது அவன் அறையில் விளக்கு எரிகிறது என்றால், ஒரு கோப்பை மிலோ கலந்து கொண்டுபோய் வைத்துவிட்டு, அவன் விரும்பினால் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.